எங்கள் வீட்டு வார்ப்பிரும்பு வாணலி: வாங்கலாமா?

வார்ப்பிரும்பு வாணலி ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியது 26 சென்டிமீட்டர் அகலம், தட்டையான அடி, வாணலியோடு சேர்த்தே வார்த்த நீளக் கைப்பிடி, எதிர்ப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குட்டிப் பிடி. எடை 2.4 கிலோ. மூடி தரவில்லை. பெட்டியின் மேல் ‘ஏற்கெனவே பழக்கியது, உடனே சமைக்கலாம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காய்கறியை அதிகம் சாப்பிட்டாக வேண்டும், ஆனால் அது வாய்க்குப் பிடிக்கவும் வேண்டும் என்று இருக்கும் வீட்டுக்கு இதைவிட உதவும் பாத்திரம் எனக்குத் தெரியாது. அதே சமயம், தினமும் அதைத் தூக்கப்போகிறவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு மாறத் தொடங்கியது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு என்று மருத்துவர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். தாளில் எளிதாகத்தான் இருந்தது. வெந்த பீன்ஸும் வெந்த கேரட்டும் பாதித் தட்டை நிரப்பியபோது அம்மா அதை மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கினார். குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டு எழுந்த முகத்தில் சாப்பிட்ட திருப்தி இல்லை. வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இது என்னைத்தான் உறுத்தியது. முன்பெல்லாம் சோறுதான் சாப்பாடு, காய் அதற்குத் துணை. துணைக்கு இருந்தபோது சுமாராக இருந்தாலும் ஓடிவிடும். அதுவே சாப்பாடு என்று ஆனபிறகு பழைய பக்குவம் போதவில்லை.

எங்களிடம் அப்போது இருந்தவை மெல்லிய நான்-ஸ்டிக் வாணலிகள். அவற்றில் காலிஃப்ளவரை வதக்கினால் சிவக்காது, வெந்து குழையும். காரணம் தண்ணீர். காய்கறியின் பெரும்பகுதி தண்ணீர்தான். காளானிலும் முட்டைக்கோஸிலும் 90 சதவீதத்துக்கு மேல். வாணலியில் தண்ணீர் தேங்கியிருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காய் சிவந்து, அந்த வறுத்த மணம் வர வேண்டுமானால் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வினையை 1912-இல் விவரித்தவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். மெல்லிய வாணலியில் ஒரு கிண்ணம் குளிர்ந்த காயைக் கொட்டியதும் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது. காயிலிருந்து கசியும் நீர் ஆவியாக நேரமாகிறது. அந்த நீரிலேயே காய் வெந்துவிடுகிறது.

இரும்பு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வார்ப்பிரும்பு இந்த விஷயத்தில் மந்தமானது. அலுமினியம் அதைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைப் பரப்பும். இரும்பின் பலம் எடையில் இருக்கிறது. இரண்டரைக் கிலோ இரும்பு ஒருமுறை காய்ந்துவிட்டால், அதில் காயைப் போட்டாலும் சூடு எளிதில் இறங்காது. இந்த ஒரு குணத்துக்காகத்தான் இதை வாங்க வேண்டும். மந்தமான குணத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரமாகப் பெரிய தீயில் வைத்தால் நடுவில் மட்டும் கொதிக்கும், ஓரம் சும்மா இருக்கும். மிதமான தீயில் ஐந்து முதல் ஏழு நிமிடம் வெறும் வாணலியைக் காயவிட வேண்டும். இடையில் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைப்பது நல்லது. அந்த நேரத்தில் காயை நறுக்கிவிடலாம் என்பதால் எனக்கு அது தாமதமாகத் தெரிவதில்லை. காலையில் ஓடும் ஓட்டத்தில் ஒரே ஒரு முட்டை பொரிக்க நினைப்பவருக்குத் தெரியும்.

சரி, சமையலுக்கு வருகிறேன். காலிஃப்ளவர்தான் எங்கள் வீட்டில் முதலில் மனதை மாற்றியது. பூவைக் கிள்ளிப் போடாமல், தண்டோடு சேர்த்து விரல் தடிமனுக்குப் பட்டையாக நறுக்குகிறேன். அப்போதுதான் தட்டையான பக்கம் இரும்போடு ஒட்டி உட்காரும். கழுவிய காயைத் துணியில் ஒற்றி ஈரம் போக்குவது முக்கியம். எண்ணெயை வாணலியில் ஊற்றாமல் காயிலேயே தடவுகிறேன். இரண்டு தேக்கரண்டியில் நான்கு பேருக்கான காய் முடிந்துவிடுகிறது. காய்ந்த வாணலியில் ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளறக் கூடாது. நான்கைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் நல்ல செம்பழுப்பாகி, திருப்பியை நுழைத்தாலே தானாகக் கழன்று வரும். ஒட்டிக்கொண்டு இழுத்தால் இன்னும் சிவக்கவில்லை என்று அர்த்தம்; ஒரு நிமிடம் பொறுங்கள். திருப்பிப் போட்டபிறகு உப்பும் மிளகுத்தூளும். இறக்கும்போது எலுமிச்சை. அம்மா முதல் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, “இது காலிஃப்ளவரா?” என்று கேட்டார். அவர் கைகாட்டி இன்னும் கொஞ்சம் கேட்டது அன்றைக்குத்தான்.

முட்டைக்கோஸும் அப்படியே. அதைப் பொடியாக நறுக்கி வதக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டேன். நடுத்தண்டு விடாமல் ஆறு கீற்றாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு தட்டை மூடினால், அடி கருஞ்சிவப்பாகி உள்ளே இனிப்பாக வெந்துவிடும். காளானுக்கு முதலில் எண்ணெயே வேண்டாம். காய்ந்த வாணலியில் வெறுமனே போட்டால் நீர் வடிந்து, அந்த நீர் வற்றி, காளான் சுருங்கும். சத்தம் மாறியதும் எண்ணெயும் பூண்டும் போட வேண்டும். வெண்டைக்காயை முழுதாகக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே நறுக்குகிறேன். நல்ல சூட்டில் பரப்பிப் போட்டால் பிசுபிசுப்பு வருவதற்குள் மேல்பகுதி உலர்ந்துவிடுகிறது. கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வட்டமாக நறுக்கி உப்பு தடவி அரைமணி நேரம் வைத்து, வடிந்த நீரைப் பிழிந்துவிட்டுச் சுட்டால் பாதி எண்ணெய் போதும்.

எதைச் செய்தாலும் வாணலியை நிரப்பக் கூடாது. துண்டுகளுக்கு நடுவில் இரும்பு தெரிய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் இந்த வாணலியிலும் காய் வெந்துதான் போகும். நான்கு பேருக்கு என்றால் இரண்டு தடவையாகப் போட வேண்டியிருக்கிறது. இது உண்மையான குறைதான். ஆறு பேர் இருக்கும் வீட்டில் சமைப்பவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டிவரும்.

பிறகு கொண்டைக்கடலை. ஊறவைத்து வேகவைத்ததை வடித்து, துணியில் உருட்டி ஈரம் எடுத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கால்மணி நேரம் மெல்ல வறுத்தால் வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் அடுப்பை அணைத்தபிறகு தூவ வேண்டும், முன்னாடியே போட்டால் தீய்ந்துவிடும். மாலையில் பிஸ்கட் டப்பாவைத் தேடும் கை இப்போது இதற்குப் போகிறது. மனைவி மதிய டப்பாவில் சோற்றுக்குப் பதில் ஆறிப்போன காலிஃப்ளவரும் கடலையும் கொண்டுபோகிறார். ஆறினாலும் நன்றாக இருக்கிறது என்கிறார். வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்பது குறைந்தது. சோற்றைக் குறைக்க வேண்டும் என்று யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை; தட்டில் வேறு நல்ல பொருள் இருந்ததால் அது தானாகக் குறைந்தது. அம்மாவின் சர்க்கரை அளவு இறங்கியதற்கு வாணலிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை, மாலை நடை, உணவு எல்லாம் சேர்ந்து செய்தது அது. ஆனால் அந்தத் தாளில் வரைந்த வட்டத்தை அம்மா விரும்பிக் கடைப்பிடிக்க இந்த வாணலி உதவியது. அதை உறுதியாகச் சொல்வேன்.

இப்போது ‘ஏற்கெனவே பழக்கியது’ என்ற வாசகத்துக்கு வருகிறேன். வந்த அன்றைக்கு முட்டை உடைத்து ஊற்றினால் பாதி முட்டை வாணலியிலேயே தங்கிவிட்டது. தயாரிப்பாளரின் உதவி எண்ணில் கேட்டபோது எண்ணெய் கூடுதலாக ஊற்றச் சொன்னார்கள். அது பதிலே இல்லை. எண்ணெயைக் குறைக்கத்தானே இந்த ஏற்பாடே! தொழிற்சாலையில் ஒரு மெல்லிய பூச்சு சுட்டுத் தருகிறார்கள். கடையில் இருக்கும்போது துருப்பிடிக்காமல் காக்க அது போதும். முட்டை வழுக்கிக்கொண்டு வர அது போதாது. பெட்டியில் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எத்தனை பேர் முதல் வாரத்திலேயே இதைப் பரணில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்த வாணலியின் உட்பக்கம் சொரசொரப்பாக இருப்பதும் ஒரு காரணம். இன்று விற்கும் பல வாணலிகள் மணல் அச்சிலிருந்து வந்த மேனியோடு அப்படியே வருகின்றன. மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அடிப்படையில் இன்றும் அதே வழிதான். பழைய வாணலிகளில் பல, வார்த்தபிறகு உட்பக்கத்தைத் தேய்த்து மழமழவென்று ஆக்கியவை. பழைய வாணலி எங்காவது கிடைத்தால், விரிசல் இல்லாவிட்டால், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். துரு இருந்தால் பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும்.

பழக்குவது என்பது மந்திரம் ஒன்றுமில்லை. இரும்பின் மேல் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவிச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து அந்த எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான கறுப்புப் படலமாகிவிடுகின்றன. அந்தப் படலம்தான் ஒட்டாமல் காக்கிறது, துருவையும் தடுக்கிறது. இதற்கு எல்லா எண்ணெயும் ஒத்துவராது. சூரியகாந்தி, சோயா, எள் போன்றவற்றின் எண்ணெய் நன்றாகப் பிணையும். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் சரியாகப் பிணையாது. ஆளிவிதை எண்ணெயைச் சிலர் புகழ்கிறார்கள். அது கண்ணாடிபோல் பளபளப்பான படலம் தரும், ஆனால் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும் என்ற புகாரும் பரவலாக இருக்கிறது. நான் சாதாரண சூரியகாந்தி எண்ணெய்தான் பயன்படுத்துகிறேன்.

செய்முறை எளிது. கழுவி, அடுப்பில் வைத்து ஈரத்தை முழுக்கப் போக்கி, அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்ளும் புறமும் தடவ வேண்டும். அப்புறம் சுத்தமான துணியால், தடவிய எண்ணெயே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். இந்தத் துடைப்புதான் உயிர். எண்ணெய் அதிகமாக இருந்தால் படலம் ஆகாது, பிசுக்காக நிற்கும். கேக் சுடும் ஓவன் இருப்பவர்கள் 230 டிகிரியில் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் விடலாம். இல்லாதவர்கள் அடுப்பிலேயே லேசாகப் புகை வரும்வரை காயவைத்து ஆறவிடலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். இதையே நாலைந்து முறை திரும்பச் செய்தால் ஓர் அடித்தளம் கிடைக்கும். மற்றது சமைக்கச் சமைக்க வரும். முதல் சில வாரம் வெங்காயம் வதக்குவது, உருளைக்கிழங்கு வறுப்பது, கடலை வறுப்பது என்று எண்ணெய்ப் பசையுள்ள வேலைகளையே கொடுங்கள். முட்டைக்கு அவசரம் வேண்டாம். எங்கள் வாணலி நன்றாகப் பழகியபிறகு முட்டை குறைந்த தீயில், ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நழுவி வருகிறது. மீன் தோலும் அப்படித்தான்: தோலை ஒற்றி ஈரம் எடுத்து, தோல்பக்கம் கீழே வைத்து, சிவக்கும்வரை தொடாமல் இருந்தால் கிழியாமல் வரும்.

கழுவுவதைப் பற்றிப் பெரிய பயம் உலவுகிறது. சோப்பே படக் கூடாது என்பார்கள். அந்தக் காலத்துச் சோப்பில் காரம் மிச்சமிருக்கும், அது படலத்தை அரித்துவிடும். அதனால் வந்த பேச்சு அது. இப்போதைய பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றும் செய்யாது. நான் வெதுவெதுப்பான நீரில், ஒரு சொட்டு திரவம் விட்டு, நாரால் தேய்த்துக் கழுவுகிறேன். ஊறப்போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஓர் இரவு தண்ணீரில் கிடந்தால் காலையில் செம்பழுப்புத் துரு நிச்சயம். கழுவியதும் அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வைத்தால் முடிந்தது. பாத்திரம் கழுவும் இயந்திரம் இருப்பவர்கள் இதை அதற்குள் போடாதீர்கள். சூடான வாணலியில் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அது உறுதியானதுதான், ஆனால் வளைந்து கொடுக்காது. அதிர்ச்சி தாங்காமல் விரிசல் விட்டால் அவ்வளவுதான்.

புளிப்பும் இந்த வாணலியும் நண்பர்கள் அல்ல. தக்காளியைப் போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தால் படலம் கரைந்து, நிறம் கறுத்து, நாக்கில் இரும்பு வாடை வரும். கடைசியில் ஒரு பிழி எலுமிச்சை என்றால் ஒன்றும் ஆகாது. தக்காளித் தொக்கு மாதிரியானவற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு விஷயத்தை என் மனைவிக்காகத்தான் தேடிப் படித்தேன். அவருக்கு ஹீமோகுளோபின் எப்போதும் குறைவு. இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் இரும்புச்சத்து சேரும் என்பார்களே, அது உண்மையா? உண்மைதான், ஆனால் அளவு மாறும். ஈரமும் புளிப்பும் உள்ள உணவு, அதிக நேரம் வேகும் உணவு, புதிய பாத்திரம் என்றால் இரும்பு அதிகம் இறங்கும். நன்றாகப் பழகிய வாணலியில் சில நிமிடம் வறுத்த காயில் மிகவும் குறைவாகத்தான் இறங்கும். எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வு 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரும்புப் பானையில் சமைத்த உணவைச் சாப்பிட்ட குழந்தைகளிடம், அலுமினியப் பானைச் சமையலைச் சாப்பிட்டவர்களைவிட ரத்தசோகை குறைந்திருந்தது. நல்ல செய்திதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது சரியில்லை. மனைவி மருத்துவர் கொடுத்ததைத் தொடர்ந்து சாப்பிடுகிறார். கூடவே எலுமிச்சை பிழிந்த காயும் கடலையும். வைட்டமின் சி இருந்தால் தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும், உணவோடு டீ குடித்தால் சேர்வது குறையும் என்பதால் டீயைத் தள்ளி வைத்திருக்கிறார். உடலில் இரும்பு மிகையாகச் சேரும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள், வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்-ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பயமுறுத்தி எதையும் வாங்கவைக்க எனக்கு விருப்பமில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பூச்சு 1938-இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான் என்ற பொருள். அது 260 டிகிரிவரை தாங்கும். அதற்கு மேல் சிதையத் தொடங்கும், புகை நல்லதல்ல. வெறும் வாணலியைப் பெரிய தீயில் விட்டால் சில நிமிடத்திலேயே அந்தச் சூடு வந்துவிடும். பூச்சு தயாரிக்கும்போது பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் வகைப்படுத்தியது. இப்போதைய வாணலிகளில் அது பெரும்பாலும் இல்லை. ஆக, குறைந்த தீயில் முட்டைக்கு நான்-ஸ்டிக் போதும். நான் மேலே சொன்னதுபோல் காயைச் சிவக்க வறுக்க அது ஏற்ற பாத்திரமே அல்ல. வெறும் வாணலியை அப்படிக் காயவிடுவது அதற்கு ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு சிறிய நான்-ஸ்டிக் இன்னமும் இருக்கிறது.

அது இருப்பது அம்மாவுக்காக. இந்த வாணலியில் எனக்கு மனசு ஒப்பாத ஒரே விஷயம் எடை. அம்மாவுக்கு மணிக்கட்டில் வலி. சமையல் என் பொறுப்பாக வருவதற்கு முன் இந்த அடுப்படி அவருடையது; இன்றும் பகலில் தனக்கு ஏதாவது செய்துகொள்ள நினைப்பார். வாணலி வந்த புதிதில் ஒருநாள் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான்பா இருக்கு, ஆனா என் கைக்கு ஆகாது” என்று மெதுவாக வைத்தார். வாங்கும்போது நான் பார்த்தது என் கையின் வசதியையும், நான் அடுப்படியில் இருக்கும் நேரத்தையும் மட்டும்தான். பகலில் அவர் தனியாக இருக்கும் வேளைக்கு இது உதவாது. காய் உள்ளே இருக்கும்போது மூன்று கிலோவை நெருங்கும் பாத்திரத்தை, சூட்டோடு, சாய்த்து வழிக்க வேண்டும். தொட்டி அருகே ஒரு கையில் பிடித்து மறுகையால் தேய்க்க வேண்டும். கைப்பிடியும் இரும்பு, அதுவும் சுடும். தடித்த துணி இல்லாமல் தொட முடியாது. எதிர்ப்பக்கத்துக் குட்டிப் பிடியில் துணியோடு விரல் சரியாக நுழையவில்லை. வடிக்க வைத்த மூக்கு மிகச் சிறியது, எண்ணெய் ஓரமாக வழிகிறது. இவ்வளவு எடையுள்ள பொருளைச் செய்பவர்கள் பிடியை இப்படிக் கஞ்சத்தனமாக வைப்பது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எல்லா வீட்டிலும் சமைப்பவர் முப்பது வயதுக்காரர் அல்ல. முதியவர்களும், மூட்டுவலி உள்ளவர்களும், ஒரு கையில் குழந்தையை வைத்திருப்பவர்களும்தான் நிறையச் சமைக்கிறார்கள்.

இப்போதைக்கு நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது: வாணலி அடுப்பை விட்டு நகராது. காயைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் போடுகிறோம், வாணலியைத் தூக்கிச் சாய்ப்பதில்லை. கழுவுவது நான் மட்டும். பகலில் அம்மாவுக்கு அந்தச் சிறிய வாணலி. அல்லது காலையிலேயே நான் வறுத்து வைத்த காய்.

எடை ஒத்துவராதவர்களுக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, 20 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு வாணலி. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும், ஒருவர் இருவருக்குப் போதும். இன்னொன்று கார்பன் எஃகு வாணலி. அதையும் இதேபோல் பழக்க வேண்டும், இதேபோல் காயவைக்க வேண்டும். தகடு மெல்லியது என்பதால் எடை கணிசமாகக் குறைவு, வேகமாகக் காயும். சூட்டை இவ்வளவு பிடித்து வைக்காது, ஆனால் கீழே விழுந்தால் உடையாது. பழக்கும் தொந்தரவே வேண்டாம் என்பவர்களுக்கு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு உண்டு. அதில் தக்காளியும் கொதிக்கலாம். எடை மட்டும் குறையாது.

இண்டக்‌ஷன் அடுப்பிலும் இது வேலை செய்யும், காந்தம் ஒட்டும் உலோகம்தானே. ஆனால் எடுத்த எடுப்பில் அதிக அளவில் வைக்காமல் குறைவிலிருந்து ஏற்றுங்கள். கண்ணாடித் தளத்தில் இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறிவிடும்.

கடைக்குப் போனால் மூன்றைப் பாருங்கள். உட்பக்கத்தை விரலால் தடவுங்கள், சொரசொரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சமதளத்தில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். மூன்றாவது, வீட்டில் அதிகம் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போய், வாணலிக்குள் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்து, அவரையே ஒரு கையால் தூக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள்.